இயன்றவரை

நிழலைச் சுற்றிப் போட்ட கோடு காய்ந்துகொண்டிருக்கிறது. மே மாதத்துக்கு மஞ்சள். போன வருடத்து மஞ்சள் மங்கிப்போய்ச் சுவரில் தடம் மட்டும் இருந்தது, அதன் மேலேயே இந்த வருடத்து நிழலும் வந்து அச்சடித்தாற்போல உட்கார்ந்தது, ஒரு விரல் அளவுகூட விலகவில்லை, பார்த்ததும் எனக்கு ஒரு கர்வம் வந்தது, ஏதோ சூரியனை நானே வேலைக்கு வைத்திருப்பது மாதிரி. எங்கள் ஆபீஸ் ஷகிலா தூரிகைகளையும் பெயிண்ட் டப்பாவையும் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "வாங்கக்கா, ஆபீஸ்ல ஏசியில உக்காந்து பாத்துக்கலாம், நீங்க வெயில்ல நின்னா சேதி சீக்கிரம் வந்துருமா?" என்று கேட்டாள். வராதுதான். ஆனால் அந்தச் சேதியை ஏசியில் உட்கார்ந்து கேட்க எனக்கு மனமில்லை. நீ போ, நான் பஸ்ஸில் வருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். மூன்று மணி வெயில், மேற்குப் பார்த்த பஸ் நிறுத்தம், முகத்துக்கு நேராக அடிக்கிறது. பால்பண்ணை நிறுத்தம் என்று பெயர், பால்பண்ணை எப்போதோ போய்விட்டது. பளபளவென்று எவர்சில்வர் தூண்கள், எவர்சில்வர் பெஞ்சு, அதன் மேல் ஒல்லியாக ஒரு கூரை, அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் 'பயணியர் நிழற்குடை'. குடை இருக்கிறது, நிழல்தான் இல்லை. நிழல் இல்லை என்று சொல்லக்கூடாது, இருக்கிறது, பெஞ்சுக்குப் பின்னால் வாய் பிளந்து கிடக்கிற சாக்கடையின் மேல் கச்சிதமாக விழுகிறது, அதன் இரண்டு கரையிலும் பின்சுவரிலும்தான் நாங்கள் கோடு போட்டிருக்கிறோம். பெஞ்சில் அப்பளம் பொரிக்கலாம். ஐந்து பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், ஐந்து பேரும் மின்கம்பத்தின் நிழலில், ஒருவர் பின்னால் ஒருவராக, ரேஷன் கடை வரிசை மாதிரி. கம்பத்தை நட்டவன் யாரோ, அவன் நிழலைப் பற்றி யோசித்தே இருக்கமாட்டான், அவன்தான் இந்த ஊருக்கு நிழல் கொடுத்தவன். நான் அந்த வரிசையில் சேரவில்லை. கோடு போட வந்தவள் வெயிலில்தான் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கைபேசி உள்ளங்கையில் இட்லித் தட்டு மாதிரி சுடுகிறது.

சென்னையில் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டது. பஸ் நிறுத்தங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மாநிலம் முழுமைக்கும் ஒரு விதி எழுதுகிறார்கள், அதற்கு ஒரு வரைவுக் குழு, அதில் எங்கள் கொள்கை மையத்துக்கு ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் எங்கள் இயக்குநர் ஞானதிரவியம் சார். எனக்கு நாற்காலி கிடையாது. நான் தகவல் தொடர்புப் பிரிவு. போஸ்டர், படம், கோஷம், பத்திரிகைக்குக் குறிப்பு, சாருக்குப் பேச்சு. கொள்கை பேசுகிற அறைக்குள் நாங்கள் டீயோடு போய் டீயோடு வருகிற ஜாதி. இருக்கட்டும். அந்த அறைக்குள் இன்று போயிருக்கிற வாக்கியம் என்னுடையது. முப்பத்தெட்டுப் பக்க அறிக்கையில் சாரின் தரவுகள் இருக்கின்றன, வரைபடங்கள் இருக்கின்றன, அடிக்குறிப்புகள் இருக்கின்றன, நடுவில் தனியாக ஒரு வரி இருக்கிறது: பிற்பகல் மூன்று மணிக்கு இருக்கையின் மீது நிழல் விழ வேண்டும். அவ்வளவுதான். குழுவின் முதல் வரைவில் 'கூரை அமைக்கப்பட வேண்டும்' என்று இருந்தது. கூரை வேறு, நிழல் வேறு. கூரை இருந்தால் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸாகிவிடும், நிழல் இருந்தால்தான் மனுஷிக்கு மயக்கம் வராமல் இருக்கும். இதை விளக்க சார் நான்கு பக்கம் எழுதியிருந்தார், நான் அந்த நான்கு பக்கத்தையும் தூக்கிவிட்டு ஒரு வரி வைத்தேன். போன கூட்டத்தில் குழு ஒப்புக்கொண்டுவிட்டது, கூரை போய் நிழல் வந்தது. அப்புறம் என்ன பயம் என்று ஷகிலா கேட்கிறாள். அவள் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அவளுக்கு இன்னும் அந்த வார்த்தையைத் தெரியாது. இயன்றவரை. பார்க்கப் பரம சாது. பணிவான வார்த்தை, கைகட்டி வாய்பொத்தி நிற்கும். கடைசிக் கூட்டத்தில், எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில், யாரோ ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நடைமுறைச் சிக்கல் வரக்கூடாது பாருங்கள், இந்த இடத்தில் 'இயன்றவரை' என்று ஒன்று சேர்த்துக்கொள்ளலாமே என்பார். எல்லாருக்கும் பசி. சேர்த்துவிடுவார்கள். இருக்கையின் மீது இயன்றவரை நிழல் விழ வேண்டும். முடிந்தது கதை. அதற்கப்புறம் எந்த ஊரிலும் எந்தப் பெஞ்சிலும் நிழல் விழாது, ஏனென்றால் எங்கேயும் இயலாது. ஒரு முறை பட்டிருக்கிறேன். நூலகங்களில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்று இரண்டு வருடம் படம் எடுத்தோம், பாட்டுப் போட்டோம், கடைசியில் 'இயன்றவரை சாய்தளம் அமைக்கப்படும்' என்று உத்தரவு வந்தது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். நான் அந்தக் கேக்கைச் சாப்பிடவில்லை. இன்றுவரை நான் பார்த்த நூலகங்களில் ஒன்றில்தான் சாய்தளம் வந்திருக்கிறது, அதிலும் சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் சாரை ரயிலேற்றிவிடப் போயிருந்தபோது பெட்டி வாசலில் நின்று சொன்னேன். "சார், எத விட்டுக்குடுத்தாலும் குடுங்க. தூண் எவர்சில்வரா இருக்கட்டும், தங்கமா இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைய மட்டும் உள்ள விட்றாதீங்க." சார் தலையாட்டினார். நல்ல மனுஷர், பொருளாதாரத்தில் முனைவர், யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாது, அதுதான் எனக்குக் கவலை. "முடிஞ்சவரைக்கும் பாக்குறேன் செண்பகம்" என்றார். ரயில் கிளம்பிவிட்டது. முடிஞ்சவரைக்கும்! நான் நடைமேடையிலேயே நின்றுவிட்டேன். இயன்றவரையைத் தடுக்க நான் அனுப்பிய ஆள் இயன்றவரை தடுப்பாராம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். இந்த வார்த்தை கோட்டையில் மட்டும் இல்லை, வீட்டுக்கு வீடு இருக்கிறது. எங்கள் அத்தான் 'முடிஞ்சா வர்றேன்' என்று சொன்னால் வரமாட்டார் என்று அர்த்தம், அக்கா அவருக்குச் சோறு எடுத்துவைக்கவே மாட்டாள். நானும் சொல்கிறவள்தான், யோக்கியம் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாடி, மீன் வாங்குறேன் என்று அக்கா கூப்பிட்டாள். முடிஞ்சா வர்றேன்க்கா என்றேன். போகவில்லை. இப்போது ஏன் அக்கா ஞாபகம் வருகிறது? ஏன் வராது, இது அவளுடைய நிறுத்தம், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். கைபேசியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு நடுவயதுக்காரர் கம்ப நிழலிலிருந்து கழுத்தை நீட்டிப் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, சுட்டதுபோல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தலைமுடி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தேன். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அல்ல, வார்த்தையால். விளம்பர நிறுவனத்தில் பதினோரு வருடம். எந்த வார்த்தைக்குக் கை பாட்டிலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, அங்கே கற்றதைத்தான் இங்கே விற்கிறேன், சரக்குதான் மாறியிருக்கிறது. கொள்கை மையத்தில் சேர்ந்த புதிதில் அறிக்கைகளைப் படித்துவிட்டு எனக்குத் தலைவலி வந்தது. 'வெப்ப அழுத்தத்திற்கு உள்ளாகும் நலிந்த பிரிவுப் பயனாளிகள்' என்று எழுதுவார்கள். யாரய்யா அது? பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளை. அப்படி எழுதுங்களேன். 'பயனாளி' என்ற வார்த்தையைக் கண்டால் அடித்துவிடுவேன், சார் திரும்பப் போடுவார், நான் திரும்ப அடிப்பேன், அவர் பச்சை மை, நான் சிவப்பு மை, கடைசியில் என் சிவப்புதான் நின்றது. எனக்குத் தலைக்கனம் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. இருக்கிறதுதான். வார்த்தை விஷயத்தில் தலைக்கனம் இல்லாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. பஸ் நிறுத்தங்களை அளந்து முடித்து, நூற்றுக்கு எண்பது நிறுத்தங்களில் பிற்பகலில் பெஞ்சில் நிழல் இல்லை என்று சார் கண்டுபிடித்தபோது, அதை எப்படி வெளியே சொல்வது என்று கூட்டம் போட்டார்கள். நான் இந்த நிறுத்தத்துக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். திரும்பிப் போய்க் கரும்பலகையில் எழுதினேன்: நிழல் சாக்கடைக்கு, வெயில் நமக்கு. சார் மெதுவாக, "நாம ஆராய்ச்சி நிறுவனம் செண்பகம், மேடைப் பேச்சு இல்ல" என்றார். "சார், இதுல ஒரு வார்த்த பொய் இருந்தா அழிச்சிருங்க" என்றேன். அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தார், பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கோஷம் அப்புறம் என் கையை விட்டுப் போய்விட்டது. ஆட்டோ முதுகில் பார்த்தேன். ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளையைக் கேலி பண்ணி வேறு மாதிரி போட்டிருந்தார்கள், பார்த்துச் சிரித்தேன். ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர், "நெழல் சாக்கடைக்கு, வெயில் நமக்கு, சில்லற மட்டும் எனக்கு, எடுங்க எடுங்க" என்று கத்திக்கொண்டு வந்தார். யாருங்க இதை எழுதியது என்று அவரிடம் கேட்டால் ஊரே சொல்லுதும்மா என்பார். அன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது என் கால் தரையில் இல்லை. எழுதியவள் பெயர் தொலைந்துபோக வேண்டும். இதைப் போய் ஒருத்தி உட்கார்ந்து எழுதினாளா என்று கேட்க வேண்டும். எண்ணெய் விற்ற காலத்தில் மேடையேறி வாங்கிய கண்ணாடிக் கோப்பைகள் வீட்டில் இருக்கின்றன, ஒன்றில் பேனா போட்டுவைத்திருக்கிறேன்.

கைபேசி அதிர்ந்தது. வங்கிக்காரன், கடன் வேண்டுமா என்கிறான். வேண்டாமப்பா, ஒரு வார்த்தை வேண்டாம், அதுதான் எனக்கு இப்போது வேண்டும். கோடுகளைப் பார்த்தேன். பன்னிரண்டு நிறம். தை மாதத்தில் முதல் கோடு போட்டோம், வெள்ளை. நிழல் விழுகிற இடத்தைச் சுற்றிக் கோடு, அதற்குள் 'இங்கே உட்காரவும்' என்று எழுத்து, அம்புக்குறி நேராகச் சாக்கடைக்கு. சனங்கள் நின்று படமெடுத்தார்கள், பத்திரிகைகளில் வந்தது, நாங்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். சித்திரையில் ஒரு பொறியாளர் நேரில் பார்க்க வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் அளவுநாடா, கூடவே நாலைந்து பேர். சரியாக மூன்று மணி. நாங்கள் வரிசையாக நிற்கிறோம். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மேடம், ஒங்க கோடு ஒரு பக்கம் கெடக்கு, நெழல் ஒரு பக்கம் கெடக்கு. பொய்க்கோடு போட்டு கவர்மெண்ட அசிங்கப்படுத்துறீங்களா?" நான் பார்த்தேன். உண்மைதான். வெள்ளைக் கோடு ஒருபக்கமாய்ச் சரிந்து வெறும் வெயிலில் கிடக்கிறது, நிழல் இரண்டடி தள்ளி அந்தப்பக்கம் போய்விட்டது. தை மாதத்துச் சூரியன் வேறு, சித்திரைச் சூரியன் வேறு, இது ஆறாம் வகுப்புப் பாடம், முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நாலு பேர் இருக்கிற ஆபீஸில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தரவு சேகரித்தோம், கூட்டம் போட்டோம், எழுத்துருவுக்கு இரண்டு நாள் சண்டை போட்டோம், வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்களைப் போன்றவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சார் முகம் கறுத்துவிட்டது, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, முந்திக்கொண்டேன். "சார், அது தை மாச நெழல். இது சித்திரை நெழல். இன்னைக்கு இதுக்கும் கோடு போடுவோம், ஒங்க கண்ணு முன்னாடியே. மாசாமாசம் போடுவோம். என்னைக்காவது ஒரு மாசம் அது பெஞ்சுக்கு வந்துச்சுன்னா நான் பெயிண்ட்ட தூக்கிப் போட்டுட்டு ஒங்களுக்கு மால போடுறேன்." போட்டோம். சிவப்பு. வைகாசிக்குள் மஞ்சள். அப்புறம் ஊதா, பச்சை, நீலம். வருடம் சுற்றி முடிந்தபோது பெஞ்சுக்குப் பின்னால் மயில் தோகை விரித்தது மாதிரி ஆகிவிட்டது. நிழல் எங்கெங்கோ போகிறது, சுவரில் ஏறுகிறது, சாக்கடையில் இறங்குகிறது, பக்கத்துக் கடை வாசலுக்குப் போகிறது, பெஞ்சுக்கு மட்டும் ஒரு மாதமும் வரவில்லை. ஒரு கோடு மட்டும் இருந்திருந்தால் அது வெறும் கேலி. அந்தத் தப்பு நடந்ததால்தான் பன்னிரண்டு கோடு, பன்னிரண்டு கோடு ஆனதால்தான் அது சாட்சி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் குழுவின் தலைவர் சாருக்கு நாற்காலி கொடுத்தார். அதே பொறியாளர் இந்த வருடம் தைப்பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார், கீழே 'இந்த மாதக் கோடு சரியாக உள்ளதா?' என்று. நல்ல மனுஷர். சரியாக உள்ளது என்று பதில் போட்டேன்.

அக்கா வந்துவிட்டாள். ரோட்டைத் தாண்டி வருகிறாள், ஒரு கையில் பை, ஒரு கை நெற்றிக்கு மேல். அவள் ஒரு மருத்துவமனையின் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், நான்கு மணிக்கு ஷிப்ட், தினமும் இந்த நேரத்துக்கு இந்த நிறுத்தம். எங்கள் அம்மா இரண்டு பேருக்கும் அம்மன் பெயர் வைத்தாள், அவளுக்குத் தென்காசி உலகம்மை, எனக்குக் கோவில்பட்டி செண்பகவல்லி, அவள் மூத்தவள் என்பதால் உலகமே தன் பொறுப்பு என்று நினைப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மே மாதம் இதே இடத்தில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாள், பெஞ்சு விளிம்பில் புருவம் அடித்துப் பிளந்தது. யாரோ ஆட்டோவில் ஏற்றி, அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். நான் போனபோது தையல் போட்ட முகத்தோடு உட்கார்ந்துகொண்டு, லீவு சொல்லவேண்டும் என்று கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் படம் எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று தெரியாது, தொழில் புத்தி. அறிக்கை தயாரானபோது சார் கேட்டார், எல்லா அறிக்கையிலும் கேட்கிறதுதான், ஒரு முகம் வேண்டுமே செண்பகம், பாதிக்கப்பட்ட ஒருவருடைய கதை, கட்டம் கட்டிப் போடலாமே. முகம் என் கையிலேயே இருந்தது. கண்ணைப் பிடித்து இழுக்கிற முகம், வீங்கிய புருவம், கீழே கோபமான கண். ஒரு மந்திரியும் அதைத் தாண்டிப் பக்கம் திருப்பியிருக்கமாட்டார். நான் கொடுக்கவில்லை. இல்லை சார், முகம் கிடையாது, நிழல் மட்டும்தான் என்றேன். என் அக்காவைக் கட்டத்துக்குள் போட்டு யாருக்கும் இரக்கம் வரவைக்க எனக்குச் சம்மதமில்லை. பரிதாபப்பட்டுக் கொடுக்கிறது வேண்டாம், கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். முகமே இல்லாமல் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன், என் வேலையிலேயே எனக்குப் பெருமை அதில்தான், ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது, அக்காவிடம் சுத்தமாக முடியாது. அவளுக்கு என் வேலை என்னவென்றே புரிந்ததில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "செவத்துல பெயிண்ட் அடிப்பா, கவர்மெண்ட்ட திட்டுவா, மாசம் பொறந்தா சம்பளம் வரும்" என்பாள். இன்று அந்த வார்த்தை உள்ளே வந்துவிட்டால்? இவள் இதே வெயிலில்தான் ஓய்வு பெறுகிற வரைக்கும் நிற்பாள். இயன்றவரை நிற்பாள். புருவத்தில் அந்தத் தழும்பு வேர்வையில் மினுங்குகிறது.

"என்னடி, கரிக்கட்ட மாதிரி நிக்கிற? அவங்ககூடச் சேந்து நிக்க வேண்டியதுதான?" என்று வந்ததும் வராததுமாக அதட்டினாள். கம்பத்து நிழலில் இடமில்லை, ஐந்து பேர் ஆறாகியிருந்தார்கள். கோடு போட வந்தேன்க்கா என்றேன். "கோடு போட்டது போதும், வீட்டுல ஒரு கோலம் போட்டது கெடையாது" என்றாள். அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது. சார். வார்த்தை ஒன்றும் இல்லை, ஒரு படம் மட்டும். குழு கையெழுத்திட்ட பக்கம். தொட்டேன், திறந்தது, திரையில் தெரிந்தது என் முகமும் அதற்குப் பின்னால் வானமும். வெயிலில் காய்ந்து காய்ந்து திரை இருண்டு கிடக்கிறது. சாய்த்துப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், கையால் மறைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ வரிகள் ஊர்கிற மாதிரி இருந்தது. சாரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை? நல்ல சேதியானால் எழுதியிருப்பாரே. என்னிடம் நேராகச் சொல்ல முடியாமல் படத்தை அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டாரா? பின்னால் சாக்கடை முழுக்கக் குளுகுளுவென்று நிழல், அதற்குள் இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இரண்டு வருடம் நிழலுக்காகச் சண்டை போட்டவளுக்கு, ஜெயித்தாளா தோற்றாளா என்று பார்க்க ஒரு முழம் நிழல் இல்லை.

"என்னத்தடி இப்படிப் போட்டு உருட்டுற?" அக்கா பையைத் தரையில் வைத்தாள். "ஒண்ணு படிக்கணும்க்கா, தெரியமாட்டேங்குது." என் குரல் எப்படி இருந்ததோ, அவள் வேறொன்றும் கேட்கவில்லை. சேலை முந்தானையை விரித்து எடுத்து என் தலைக்கும் தன் தலைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாள். நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க. உள்ளே பருத்திப் புடவையின் கஞ்சி வாசனையும் மருந்து வாசனையும். திரை மெல்ல வெளிச்சமாகியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பத்தி ஏழு. தூண்களின் உயரம். எட்டு. இருக்கையின் நீளம். ஒன்பது. 'பிற்பகல் மூன்று மணிக்கு இருக்கையின் மீது நிழல் விழுதல் வேண்டும்.' விழ வேண்டும் என்றதை விழுதல் வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள், ஆக்கிவிட்டுப் போகட்டும். திரும்பப் படித்தேன். மணிக்கு என்பதற்குப் பிறகு பார்த்தேன். மீது என்பதற்குப் பிறகு பார்த்தேன். வரிக்கு மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், ஓரத்தில் யாராவது பேனாவால் செருகியிருக்கிறார்களா என்று விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. பத்து, பதினொன்று, கையெழுத்துகள். எங்கேயும் இல்லை. குரல் உயர்த்தத் தெரியாத என் சார் அந்த வார்த்தையை உள்ளே விடவில்லை. வேண்டும். வெறும் வேண்டும். பக்கத்தில் ஒரு கை வைத்துத் தாங்காத, தனியாக நிற்கிற வேண்டும்.

"எங்க, நான் பாக்குறேன்" என்று அக்கா கைபேசியைப் பிடுங்கினாள். மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி, எழுத்துக்கூட்டி அந்த வரியைப் படித்தாள். ஏன் என்று தெரியவில்லை, குழுவாவது தலைவராவது, இவள் என்ன சொல்வாள் என்றுதான் இவ்வளவு நாளும் காத்திருந்த மாதிரி இருந்தது. "பெஞ்சுல நெழல் விழணும். இதாடி?" என்றாள். ஆமாக்கா. "இதுக்கா ரெண்டு வருஷமா வெயில்ல திரிஞ்ச?" ஆமாக்கா. "பெஞ்சு போட்டா அதுல நெழல் விழணும்கிறது எந்தக் கிறுக்கனுக்குத் தெரியாது? இதப் போயி ஒருத்தி உக்காந்து எழுதணுமாக்கும்?" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானைக்குள் அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன், கண்ணாடிக் கோப்பை வாங்கிய மேடைகளில் ஒரு தடவைகூட எனக்கு இப்படி வந்ததில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், தழும்புள்ள புருவத்தை உயர்த்தினாள். என்ன புரிந்ததோ, இல்லை ஒன்றும் புரியவில்லையோ, முந்தானையின் நுனியால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள். பஸ் வந்துவிட்டது. கம்பத்து வரிசை கலைந்து ஓடியது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள், வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம வர்றியாடி? விரால் சொல்லி வச்சிருக்கேன்." முடிஞ்சா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"வர்றேன்க்கா" என்றேன்.